உஷார்! ‘புதுசு’ என்று விற்கப்படும் பழைய மதர்போர்டு

மூவாயிரம் ரூபாய் பக்கம் ஒரு மதர்போர்டு. புது அட்டைப்பெட்டி, பிரிக்காத கவர், ‘புதுசுதானுங்க’ என்ற உறுதி. வீட்டில் ஃபைல் சர்வர் போட நினைக்கிற எவரையும் மயக்கும் விலை. தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். அந்தப் போர்டில் மின்னுகிற பலகை மட்டும்தான் புதுசாக இருக்கும். அதன் மூளையான சிப்செட், பத்துப் பன்னிரண்டு வருடம் எங்கோ ஓடித் தேய்ந்த இன்னொரு போர்டில் இருந்து கழற்றியதாக இருக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு பதறிச் சொல்ல வேண்டும்? கொங்கு வட்டாரத்தில் அந்தச் சின்ன ஃபைல் சர்வர் பெட்டிக்குள் என்னென்ன போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஜாப் ஒர்க் செய்கிறவர்களின் கேட் (CAD) டிராயிங்குகள். திருப்பூரில் பேட்டர்ன், எம்பிராய்டரி ஃபைல்கள். ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த கல்யாண வீடியோக்கள். வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், குழந்தைகளின் படங்கள். இதற்காக நல்ல ஹார்டுடிஸ்க்காகப் பார்த்துச் செலவு செய்கிறார்கள். பிறகு கையிருப்பு குறைந்ததும், ‘ஃபைல்தானே வைக்கப் போறோம், எந்தப் போர்டா இருந்தா என்ன?’ என்று மிச்சம் பிடிப்பது மதர்போர்டில். ஆனால் டிஸ்க்குக்குப் போகிற, டிஸ்க்கில் இருந்து வருகிற ஒவ்வொரு எழுத்தும் அந்தப் போர்டின் வழியாகத்தான் போக வேண்டும்.

நாமக்கல் லாரிக்காரர்களுக்கு ரீட்ரெட் டயர் தெரியும். பழைய டயரின் மேல் புது ரப்பர். ஆனால் அதை ரீட்ரெட் என்று சொல்லி, அதற்கான விலையில்தான் விற்பார்கள். இங்கே அந்த நேர்மை இல்லை. எச்61 என்ற சிப்செட்டை இன்டெல் வெளியிட்டது 2011-ல். அது எத்தனையோ வருடங்களுக்கு முன்பே நின்றுபோன சரக்கு. ஆனாலும் பெயர் தெரியாத பிராண்டுகளில் எச்61 போர்டுகள் இன்றும் புதுசாக விற்பனைக்கு வருகின்றன. அதில் இருப்பது டிஸ்க்கை இணைக்கும் நான்கு சாட்டா போர்ட்டுகள், அவையும் பழைய 3 ஜிகாபிட் வேகம். சீனாவில் இருந்து வரும் எக்ஸ்79, எக்ஸ்99 போர்டுகளின் கதையும் இதுதான். பெட்டியில் எக்ஸ்99 என்று அச்சடித்திருக்கும். பலவற்றில் உள்ளே இருப்பது சர்வர் போர்டில் இருந்தோ சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தோ கழற்றிய வேறு சிப்செட்.

‘வாங்கிப் போட்டேன், நல்லாத்தானே ஓடுது’ என்று சொல்வீர்கள். பயமே அதில்தான் இருக்கிறது. மதர்போர்டு கோளாறு முதல் நாளில் தெரியாது. பெயர் பெற்ற கம்பெனிகளின் சரக்கிலேயே நடந்ததைப் பாருங்கள்.

2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கப் போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் உப்பி, ஒழுகி, வெடித்தன. உள்ளே இருந்த திரவத்தின் கலவை கெட்டிருந்தது. டெல் நிறுவனம் மட்டும் 2005-ல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் புத்தம்புது 6 சீரிஸ் சிப்செட்டை அனுப்புவதை நிறுத்தியது. அதன் சாட்டா போர்ட்டுகளில் நான்கு, நாளாக ஆகத் திறன் இழந்துகொண்டே வரக்கூடும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். மாற்றிக் கொடுக்க மட்டும் சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது.

வீட்டு சர்வர்காரர்களை நேராகத் தாக்கியது மூன்றாவது சம்பவம். இன்டெல்லின் ஆட்டம் சி2000 சிப்பை வைத்து ஏஎஸ்ராக் ரேக் 12 சாட்டா போர்ட்டுகளோடு கையகலப் போர்டு ஒன்றைக் கொண்டுவந்தது. ஃபைல் சர்வர் போடுகிறவர்கள் விரும்பித் தேடி வாங்கிய போர்டு அது. ஃபைல் சர்வர் பெட்டிகள் விற்கும் சினாலஜியின் சில மாடல்களிலும் அதே குடும்பச் சிப் இருந்தது. 2017-ல் உண்மை வெளியே வந்தது. சிப்பின் உள்ளே ஒரு கடிகாரச் சுற்று தேய்ந்து செத்துப்போகக்கூடும், பிறகு பெட்டி பூட்டே ஆகாது. இதே போன்ற கடிகாரப் பாகக் கோளாறால் தன் நெட்வொர்க் கருவிகள் சில சுமார் பதினெட்டு மாதத்துக்குப் பிறகு சாகத் தொடங்கலாம் என்று சிஸ்கோ நிறுவனம் எச்சரித்தது.

பதினெட்டு மாதம்! உங்கள் பெயரில்லாப் போர்டின் வாரண்டி அதுவரை உயிரோடு இருக்குமா? பெயர் உள்ள நிறுவனமாவது தவறை ஒப்புக்கொண்டு அறிவிக்கிறது, மாற்றித் தருகிறது. பெயரே இல்லாதவன் எங்கே போய் அறிவிப்பான்?

போர்டு செத்துப்போவதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சாகாமல் சத்தமில்லாமல் ஃபைல்களைக் கெடுப்பது. ராமில் ஒரு பிட் புரண்டால், அந்தத் தவறோடுதான் டிஸ்க்கில் எழுதப்படும். கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேலான ராம் மாட்யூல்களில் பிழை பதிவாகியிருந்தது. இதைத் திருத்தத்தான் இ.சி.சி. ராம். ஆனால் போர்டு ஒத்துழைத்தால்தான் அது வேலை செய்யும். இன்டெல்லின் 12 முதல் 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் அதற்கு டபிள்யூ680 போன்ற சிப்செட் போர்டு வேண்டும். ஏஎம்டி ரைசனில் போர்டுக்குப் போர்டு மாறும். ‘டிடிஆர்5-லயே இ.சி.சி. இருக்குதுங்க’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சிப்புக்குள் மட்டும் நடக்கும் திருத்தம். ராமில் இருந்து பிராசசர் வரை உள்ள வழியை அது காப்பதில்லை.

இனி நம் ஊர் நிலவரம். சித்திரை, வைகாசி கோடை மழையில் இடி இடித்தால் முதலில் போவது லேன் போர்ட். கம்பத்தில் இருந்து நேராகச் செப்புக் கம்பியில் நெட் இழுத்திருக்கிறீர்களா? அந்தக் கம்பி சர்வரைத் தொடவே கூடாது. நடுவில் ரவுட்டர் இருக்கட்டும். முடிந்தால் ஃபைபருக்கு மாறுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசி ஃபேனை அடைத்து, சிப்செட்டைச் சூடேற்றி வேகவைக்கும். பழைய பிளக் பாயிண்டில் எர்த் வேலை செய்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள்.

கடையில் பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. ‘ஏனுங்க, இந்தச் சிப்செட் எந்த வருசத்துதுங்க?’ என்று நேராகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் படி இறங்கிவிடுங்கள்.

2. அந்த மாடலுக்குத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பக்கம் இருக்கிறதா, பயாஸ் அப்டேட் வந்திருக்கிறதா என்று அங்கேயே போனில் தேடுங்கள். பக்கமே இல்லாத போர்டைத் தொடாதீர்கள்.

3. சாட்டா போர்ட்டுகளை எண்ணுங்கள். இன்றைய போர்டுகள் பலவற்றில் நான்குதான். எம்.2 டிஸ்க் சொருகினால் ஒரு போர்ட் செத்துவிடும் மாடல்களும் உண்டு. மேனுவலில் எழுதியிருக்கும், படியுங்கள்.

4. கூடுதல் போர்ட்டுக்குக் கார்டு போடுவதானால், ஒரே போர்ட்டைப் பலதாகப் பிரிக்கும் மலிவு கார்டு வேண்டாம். ஏஎஸ்எம்1166 போல ஆறு போர்ட்டுகளைத் தானே தரும் சிப் உள்ளதாக வாங்குங்கள்.

5. லேன் சிப் எது என்று கேளுங்கள். இன்டெல் ஐ225-வி சிப்பின் முதல் பதிப்பில் 2.5 ஜிகாபிட் வேகத்தில் டேட்டா தவறிப்போகும் கோளாறு இருந்தது. பழைய ஸ்டாக்கில் அது கைக்கு வரலாம்.

6. சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். சாக்கெட் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். பின் வளைந்திருந்தாலோ போர்டு கருகியிருந்தாலோ வாரண்டி மறுக்கப்படும்.

கையில் காசு குறைவா? பழையது என்று சொல்லியே விற்கும் பெரிய கம்பெனியின் ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்குங்கள். ‘புதுசு’ என்று பொய் சொல்லும் போர்டைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பவர் சப்ளை கனெக்டர் அந்தக் கம்பெனிக்கே உரியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெரிய உஷார்! பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும், பயாஸில் இருக்கும் ரெய்டு வசதியை ஆன் செய்யாதீர்கள். போர்டு போனால் அதே வகைப் போர்டைத் தேடி ஊரெல்லாம் அலைய நேரிடலாம். லினக்ஸின் எம்டிஏடிஎம் அல்லது இசட்எஃப்எஸ் வைத்து டிஸ்க்குகளைச் சேர்த்தால், டிஸ்க்குகளைக் கழற்றி வேறு எந்த நல்ல போர்டில் மாட்டினாலும் எழுந்துவிடும்.

ஏற்கெனவே மலிவுப் போர்டில் சர்வர் ஓடுகிறதா? பயந்து உடனே ஆஃப் செய்துவிடாதீர்கள். தேய்ந்த போர்டு ஓடிக்கொண்டே இருக்கும், ஒருமுறை அணைத்தால் திரும்ப எழாமலும் போகும். முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுங்கள். முக்கியமானவற்றுக்கு வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ கிளவுடிலோ இன்னொரு காப்பி வையுங்கள். ரெய்டு என்பது பேக்கப் ஆகாது. பிறகு டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் 199-ம் எண்ணை (கேபிள் வழியில் நேர்ந்த டேட்டா பிழைகளின் கணக்கு) பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள். மாற்றியும் ஏறினால் அந்தப் போர்ட்டை நம்பாதீர்கள். காப்பி கையில் வந்த பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தப் பெட்டியில் இனி எதையும் எழுதக் கூடாது. மூடியைத் திறந்து கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தால் நாள் எண்ணுகிறது என்று அர்த்தம். கரண்ட் போனதும் சர்வர் தானாக ஷட்டவுன் ஆகும்படி யூ.பி.எஸ்ஸின் யூஎஸ்பி கம்பியை இணையுங்கள்.

பேப்பரில் ‘நாளைய மின்தடை’ பட்டியலில் உங்கள் பீடரின் பெயர் என்றைக்கு வரும் என்று தெரியாது. அதற்குள் முதல் காப்பி எடுத்து முடியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.