சுறாக்களின் மீது நடக்கும் வழக்கு

ஆஸ்திரேலியாவில் ஜனங்கள் நீராடும் துறைகளை அடுத்த கடலில் சுறாமீன்களைத் தூண்டிலிட்டும் வலை விரித்தும் கொன்று வருவது நெடுநாளைய ஏற்பாடு. நியூ சவுத் வேல்ஸில் 1937-ஆம் வருஷத்திலும், க்வீன்ஸ்லாந்தில் 1962-ஆம் வருஷத்திலும் இது தொடங்கிற்று. 2025-இல் க்வீன்ஸ்லாந்து அரசாங்கத்தார் இதனை இன்னும் விஸ்தரிக்கப் போவதாக அறிவித்து, நான்கு வருஷங்களுக்கு 8 கோடியே 80 லக்ஷம் டாலர் ஒதுக்கினர். கடலில் இறங்கியவன் கரை திரும்பாத வீட்டின் துக்கத்தை நாம் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. அத்துக்கத்தின் பெயரால் செய்யப்படும் காரியம் அடுத்தவனுடைய உயிரைக் காக்கிறதா என்றே கேட்கிறோம். காக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய சாட்சியங்களை வாசகர் முன் வைக்கிறோம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2010 முதல் 2013 முடிய ஏழு பேர் சுறாவுக்கு இரையாயினர். ஜனங்கள் கலங்கினர். முதல் மந்திரியாயிருந்த காலின் பார்னெட், ஏதேனும் செய்தாக வேண்டுமென்று 2014 ஜனவரியில் 'டிரம் லைன்' என்னும் தூண்டில்களைப் போடுவித்தார். கடலில் நங்கூரமிட்ட மிதவையொன்றில் இரை கோத்த பெரிய முள் தொங்கும். அதில் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட வெள்ளைச் சுறாவோ, புலிச் சுறாவோ, காளைச் சுறாவோ மாட்டினால் சுட்டுக் கொல்ல வேண்டுமென்பது உத்தரவு. இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அபாயத் தணிப்பு'. ஸர்க்கார் காகிதங்களில் கொலைக்கு எப்பொழுதும் மெல்லிய பெயரொன்று அகப்பட்டு விடுகிறது! ஏப்ரல் முடிய 172 சுறாக்கள் பிடிபட்டன. அவற்றுள் 163 புலிச் சுறாக்கள். இறந்தவை 68. அந்த ஏழு மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பழி சுமந்த வெள்ளைச் சுறா ஒன்றேனும் அகப்படவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

இதனை முதலில் எதிர்த்தவர்கள் யாவர்? அந்தக் கடலிலேயே நாள்தோறும் நீந்துகிறவர்களும் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களும் ஆயிரக்கணக்கில் காட்டஸ்லோ கடற்கரையில் கூடி ஆக்ஷேபித்தனர். அந்த ராஜ்யத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அதிகார சபையும் இதனை மேலும் மூன்று வருஷம் நீட்டிக்கலாகாதென்று 2014 செப்டம்பரில் யோசனை கூறிற்று. அரசாங்கத்தார் தமது கோரிக்கையை வாபஸ் பெற்றனர்.

இன்னும் பழைய சாட்சியம் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. 1959 முதல் 1976 வரை அங்கே 4,668 சுறாக்கள் கொல்லப்பட்டன. பின்னர் அக்கணக்கை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மனிதர் மீது நடந்த தாக்குதல்களின் விகிதம் குறைந்ததற்கு ஒரு தடயமும் காணவில்லை. இதில் வியப்பதற்கில்லை. புலிச் சுறா ஓரிடத்தில் குடியிருப்பதன்று. தீவுக்குத் தீவு நூற்றுக்கணக்கான மைல் அலைவது. இன்று கொன்றதன் இடத்திற்கு நாளை வேறொன்று வரும். வெள்ளைச் சுறாவின் சங்கதியோ மிகப் பரிதாபமானது. வட அத்லாந்திக்கில் ஆராய்ந்தவர்களின் கணக்குப்படி, பெண் சுறா ஈனும் பருவம் எய்தவே முப்பது வருஷங்களுக்கு மேலாகிறது. அத்தகைய ஜாதியில் சில நூறு குறைந்தாலும் அதனை ஈடு செய்ய ஒரு தலைமுறை போதாது.

சிட்னி நகரத்துக் கரைகளில் வலை இருக்கிறதே என்பர். அவ்வலை 150 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் உடையது. அது கரை முழுவதையும் அடைக்கும் வேலியன்று. சுறா அதன் மேலும் கீழும் பக்கத்திலும் தாராளமாய் வந்து போகலாம். வலையில் சிக்கும் சுறாக்களில் நூற்றுக்கு 40 கரைப்புறத்திலேயே சிக்குகின்றன. அதாவது, குளிப்பவர்களிடையே வந்து, கடலுக்குத் திரும்பும்போது மாட்டிக்கொள்கின்றன. 2023-24 பருவத்தில் நியூ சவுத் வேல்ஸ் வலைகளில் அகப்பட்ட பிராணிகள் 255. அவற்றுள் குறிவைத்த சுறாக்கள் 15 மாத்திரமே. மற்றவை என்ன குற்றம் செய்தன?

எதிர்க்கட்சியின் வாதம் அற்பமானதன்று. அதனை மறைப்பது நேர்மையுமாகாது. 1937 முதல் 2000 வரை அங்கே வலையிட்ட கரைகளில் நேர்ந்த மரணம் 1951-இல் ஒன்றே என்று அவர்கள் காட்டுகின்றனர். ஆனால் அதே காலத்தில்தான் கரைக் காவலர் பெருகினர்; கடிபட்டவனை விரைவில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும், இரத்தம் ஏற்றவும் வசதிகள் உண்டாயின. இரண்டு காரியங்கள் ஒரு காலத்தில் நிகழ்ந்தமையால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. இந்த நியாயத்தை ஒரு ஜில்லா முன்சீப் கூட ஏற்க மாட்டார்.

உள்ளபடியே இது நியாயஸ்தலத்திற்கும் போயிற்று. க்வீன்ஸ்லாந்து அரசாங்கத்தார் பெரும் பவளத்திட்டுக் கடற்பூங்காவில் சுறாக்களைக் கொல்லப் பெற்றிருந்த அனுமதியை எதிர்த்து ஹ்யூமேன் சொஸைட்டி இன்டர்நேஷனல் என்னும் சங்கத்தார் வழக்காடினர். அன்றிருந்த நிர்வாக மேல்முறையீட்டு மன்றம் இருதரப்பு நிபுணரையும் விசாரித்து, கொல்வதால் மனிதருக்குள்ள அபாயம் குறையவில்லையென்றும், விஞ்ஞான சாட்சியம் இதில் ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறதென்றும் 2019 ஏப்ரல் 2-ஆம் தேதி தீர்ப்பளித்தது. பிடிபட்ட சுறாவைக் கூடியமட்டும் உயிரோடு விட வேண்டுமென்றும் விதித்தது. அரசாங்கத்தார் பெடரல் கோர்ட்டுக்கு அப்பீல் செய்தனர். அதுவும் அவ்வருஷமே தள்ளுபடியாயிற்று.

வேறு மார்க்கம் இல்லாமலுமில்லை. பிரேஸிலில் ரெஸீபே நகரத்தார் 2004 முதல் பல வருஷம் கரையருகே பிடித்த சுறாக்களைத் தொலைவில் கொண்டுபோய் விட்டனர். அவ்வேலை நடந்த மாதங்களில் தாக்குதல் நூற்றுக்கு 97 பங்கு குறைந்தது. மீன் மாட்டியவுடன் படகுக்குச் செய்தி அனுப்பும் தூண்டில்களும், ஆகாயத்திலிருந்து கடலைக் கவனிக்கும் டிரோன்களும் நியூ சவுத் வேல்ஸிலேயே உபயோகத்தில் இருக்கின்றன.

ஆயினும் அந்தத் தீர்ப்பின் அதிகாரம் கடற்பூங்காவின் எல்லையோடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே க்வீன்ஸ்லாந்தின் துறைகளில், குறிவைத்த ஜாதியைச் சேர்ந்த சுறா பிடிபட்டால் கொல்வதே வழக்கமாயிருந்து வருகிறது. ஒரே மீன் எல்லைக்கு வடக்கே அகப்பட்டால் விடுதலை, தெற்கே அகப்பட்டால் மரண தண்டனை. இந்த வித்தியாசத்திற்குக் காரணம் யாதென்று ஒதுக்கிய கோடிகளுக்குக் கணக்குக் கேட்கும் சட்டசபை அங்கத்தினர்கள் தம் மந்திரிகளைக் கேட்பார்களாக.