இறகை விழுங்கும் மீன்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து செங்கற்பட்டுக்கு மின்சார ரயிலில் போகும்போது, பரனூரைத் தாண்டியதும் எல்லோருடைய கண்ணும் சன்னலுக்குப் போகும். கொளவாய் ஏரி வந்துவிட்டது! ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு மூங்கில் கழி, நைலான் நரம்பு, ஒரு தக்கை, முள்ளில் கோத்த மண்புழு. கெளுத்திக்கும் கெண்டைக்கும் அது போதும்.

இப்போது அந்த மண்புழுவை எடுத்துவிட்டு, சேவலின் கழுத்து இறகு ஒன்றை முள்ளின்மேல் நூலால் இறுகச் சுற்றிப் போட்டால் என்ன ஆகும்? மாலை வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கெளுத்தி திரும்பியும் பார்க்காது. ஆனால் நீலகிரியில் உதகமண்டலத்துக்கு மேற்கே உள்ள அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் ஒரு மீன் இருக்கிறது. அது அந்த இறகை நோக்கி மேலே எழும்பி வந்து, 'லபக்'கென்று கவ்வும். வாசனை இல்லை, சதை இல்லை, சத்து இல்லை. பிறகு எதற்காகக் கவ்வுகிறது? இதற்கு விடை தேடினால் பூச்சியியலும் ஒளியியலும் சேர்ந்து வருகின்றன.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் டிரவுட். இது நம் நாட்டு மீன் அல்ல. நீலகிரியில் இருப்பது 'வானவில் டிரவுட்' என்னும் இனம். உடலின் நடுவே இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று ஓடும். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பசிபிக் பெருங்கடலில் கலக்கும் ஆறுகள்தாம் அதன் தாயகம். குளிர்ந்த மலை ஓடைகளைக் கண்ட ஆங்கிலேயர்களுக்குத் தங்கள் ஊர்த் தூண்டில் விளையாட்டு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ராணுவ மருத்துவரும் இந்திய மீன்களை ஆராய்ந்து பெரிய நூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே, 1863-இல் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. சென்னை மாகாண அரசின் மீன்வள நிபுணர் எச். சி. வில்சனின் முயற்சியால், 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அது இங்கே வேரூன்றியது. அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகமும் அப்போது ஏற்பட்டது.

கடல் கடந்து மீனை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். மீனாக அல்ல, முட்டையாக! சினையுற்ற முட்டை 10 டிகிரி செல்சியஸ் நீரில் பொரிக்கச் சுமார் ஒரு மாதம் ஆகும். இன்னும் குளிர்வித்தால் வளர்ச்சி மேலும் மெதுவாகும். 1864-இல் இங்கிலாந்திலிருந்து 'நார்ஃபோக்' என்னும் கப்பலில் ஏறத்தாழ மூன்று மாதம் பயணம் செய்து, ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவே வைக்கப்பட்ட முட்டைகள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாஸ்மானியாவுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தன. குளிரால் காலத்தை நீட்டிய அந்தத் தந்திரம்தான் டிரவுட்டை உலகம் முழுவதும் பரப்பியது.

இனி பூச்சி. ஆங்கிலத்தில் இதை 'மேஃப்ளை' என்கிறார்கள். நாம் 'ஒருநாள் பூச்சி' என்று அழைப்போம். அறிவியல் பெயரின் கிரேக்க வேர்ச்சொல்லுக்கும் ஒரு நாள் மட்டும் இருப்பது என்றே பொருள். சிலர் இதை ஈசல் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது சரியல்ல. ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான், புற்றிலிருந்து புறப்படுவது. ஈசலுக்கு அற்பாயுள் என்று நாம் சொல்வதும் பாதி உண்மைதான். தப்பிப் பிழைத்துப் புற்று அமைத்த ஈசல் ராணி பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும்! உண்மையான அற்பாயுள் ஒருநாள் பூச்சிக்குத்தான்.

ஆனால் அதன் முழு வாழ்க்கையும் ஒரு நாள் அல்ல. முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சி நீருக்கடியில், கல்லிடுக்கிலும் மணலிலும் பல வாரங்களோ மாதங்களோ வாழ்கிறது. குளிர்நாடுகளில் சில இனங்கள் இரண்டு ஆண்டுகள்கூட. வயிற்றின் இருபுறமும் சிறு இலைகள் போன்ற செவுள்கள் இருக்கும். கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று, பலமுறை தோலுரித்து வளரும். பிறகு ஒரு நாள் நீரின் மேற்பரப்புக்கு எழும்பி, தோலைப் பிளந்துகொண்டு சிறகோடு வெளிவரும். அப்போது அதற்கு வாய் இருந்தும் பயனில்லை, உண்ண முடியாது. குடலில் காற்றுதான் இருக்கும். எஞ்சியிருப்பது இணை சேர்ந்து முட்டையிடும் வேலை ஒன்றே. பெரும்பாலான இனங்களுக்குச் சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். அமெரிக்காவில் உள்ள ஓர் இனத்தின் பெண் பூச்சிக்கு ஐந்து நிமிடங்கூட இல்லை!

இன்னொரு விந்தை. சிறகு முளைத்துப் பறக்கத் தொடங்கிய பூச்சி மறுபடி தோலுரிப்பதில்லை என்பது பூச்சி உலகின் பொது விதி. அந்த விதியை மீறுவது ஒருநாள் பூச்சி மட்டுமே. நீரிலிருந்து எழும்போது அதன் சிறகு மங்கலாக இருக்கும். பறந்து போய்க் கரையோரச் செடியில் அமர்ந்து, சிறகின் தோலையும் சேர்த்து உரித்துவிட்டு, கண்ணாடிபோல் பளபளக்கும் சிறகோடு இணையைத் தேடப் புறப்படும்.

மலை ஓடையில் விடியற்காலை நீர் மிகக் குளிர்ந்திருக்கும். வெயில் ஏறி நீர் ஓரிரு டிகிரி சூடாகும் காலை நேரத்தில் சில இனங்களின் இளம்பூச்சிகள் கூட்டமாக மேலே வரத் தொடங்கும். வேறு சில இனங்கள் மாலையைத் தேர்ந்தெடுக்கும். ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒருமுறை, சில நாட்களில் எல்லாம் திரண்டு எழும். நம்மைப் போன்ற வெப்ப மண்டலத்தில் அந்த எழுச்சி ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பரவியிருக்கும். நீரின் மேற்பரப்பு இழுவிசை நமக்கு ஒன்றுமில்லை. அந்தச் சிறு பூச்சிக்கோ அது ஒரு கூரை. அதைக் கிழித்து வெளியே வரவும், சிறகு விறைத்துப் பறக்கவும் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை படகுபோல் மிதந்து செல்ல வேண்டும். டிரவுட் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான்.

அது அங்குமிங்கும் துரத்தி அலைவதில்லை. ஒரு கல்லின் மறைவில் ஓட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டு, நீர் கொண்டுவந்து தருவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரு பூச்சியை உண்பதில் கிடைக்கும் ஆற்றலைவிட அதைப் பிடிக்கச் செலவாகும் ஆற்றல் அதிகமானால் பிழைக்க முடியாதல்லவா? ஒரே வகைப் பூச்சி ஏராளமாக வரும் வேளையில் அது அந்த வகையை, அந்த அளவில் மட்டுமே பார்த்துப் பார்த்து எடுக்கும். அருகில் மிதக்கும் வேறு பூச்சியை விட்டுவிடும். தூண்டில்காரர் பூச்சியியல் படிக்க வேண்டியது இதனால்தான்.

சரி, இறகில் என்ன பூச்சி தெரிகிறது? உங்கள் இயற்பியல் புத்தகத்தில் முழு அக எதிரொளிப்புப் பாடத்தைத் திருப்புங்கள். நீருக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 48.6 டிகிரி. ஆகவே நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் 97 டிகிரி கூம்புக்குள் சுருங்கி, தலைக்கு மேல் ஒரு வட்டச் சன்னலாகத் தெரியும். 50 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சன்னலின் விட்டம் சுமார் 113 சென்டிமீட்டர். மீன் மேலே வரவரச் சன்னல் சிறுத்துவிடும். வட்டத்துக்கு வெளியே? நீரின் மேற்பரப்பு ஒரு கண்ணாடி. ஓடையின் அடித்தளமே அதில் தலைகீழாகத் தெரியும்.

மிதந்து வரும் பூச்சி முதலில் அந்தக் கண்ணாடிப் பகுதியில்தான் வருகிறது. அதன் உடல் நீருக்கு மேலே இருப்பதால் மீனுக்குத் தெரியாது. ஆனால் ஆறு கால்களும் நீரின் மேற்பரப்பை இலேசாக அமுக்குகின்றன. ஒவ்வொரு குழிவும் ஒளியைச் சிதறடித்து, இருண்ட கண்ணாடியில் நட்சத்திரங்கள் போல் மின்னும். 'சாப்பாடு வருகிறது' என்று மீனுக்குக் கிடைக்கும் முதல் செய்தி அதுதான். சேவல் இறகின் விறைப்பான இழைகளை முள்ளைச் சுற்றி விசிறிபோல் கட்டினால், இழைகளின் நுனிகளும் நீரை அதேபோல் அமுக்கி மின்னுகின்றன. நம் கண்ணுக்கு அது பூச்சி மாதிரியே இல்லை. மீனின் கண்ணாடியில் அது பூச்சிதான்! கோழியின் இறகைவிடச் சேவலின் கழுத்து இறகு சிறந்தது. அது விறைப்பானது, நீரை எளிதில் உறிஞ்சாது.

இந்தக் கலை பழமையானது. மாசிடோனியாவில் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் சுற்றிய முள்ளால் மீன் பிடித்ததை ஈலியன் என்ற எழுத்தாளர் ஏறத்தாழ கி.பி. 200-ஐ ஒட்டிப் பதிவு செய்திருக்கிறார். நீலகிரிக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்கு இந்தக் கலையால் ஆபத்தே வந்தது. அதன் கழுத்து இறகில் மெழுகு சொட்டியதுபோல் புள்ளிகள் உண்டு. அந்த அழகுக்காக மேல்நாட்டுத் தூண்டில்காரர்கள் அதை விரும்பி வாங்க, பறவை வேட்டையாடப்பட்டது. இன்று 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது.

இறகுக்கு எடையே இல்லையே, தொலைவில் எப்படி எறிவது? ஏரிக்கரைத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துச் செல்லும். இங்கே தலைகீழ்: கயிற்றின் எடைதான் முள்ளைக் கொண்டுபோகிறது. நடுத்தர வகைக் கயிற்றின் முன்பகுதி 9 மீட்டருக்குச் சுமார் 9 கிராம் இருக்கும். நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். மாட்டு வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எறிவதைவிடக் கடினமானது அடுத்த வேலை. ஓடையின் நடுவே நீர் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடும். கயிறு இரண்டிலும் கிடப்பதால் இறகு இழுபட்டு, நீரில் ஒரு சிறு கீறல் விழும். உண்மையான பூச்சி அப்படி நீரைக் கிழித்து நகராது. டிரவுட் உடனே விலகிவிடும். என்னைக் கேட்டால், மனிதரை இந்த மீன் தோற்கடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இவ்வளவு கூர்மையான மீனுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு: வெப்பம். 10 முதல் 16 டிகிரி வரை அதற்குச் சுகம். 20-ஐத் தாண்டினால் தவிக்கும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. காரணம் ஆக்ஸிஜன். கடல்மட்டத்தில் ஒரு லிட்டர் நீர் 10 டிகிரியில் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் இதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நீர் சூடாகச் சூடாக மீனின் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. கரையோரச் சோலை மரங்களின் நிழல் போனால் டிரவுட்டும் போய்விடும்.

போனால் போகட்டுமே, வெளிநாட்டு மீன்தானே என்று உங்களில் சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் வானவில் டிரவுட்டும் இருக்கிறது. சிறிய மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் அது விட்டுவைப்பதில்லை. ஆனால் நிழலும் குளிர்ச்சியும் போனால் போவது டிரவுட் மட்டுமல்ல. நம் மலைகளுக்கே உரிய ஒருநாள் பூச்சிகளும் போய்விடும். மதுரைக் கல்லூரியின் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் 1980-களில் அறிவியலுக்குப் புதிய இனங்களை விவரித்தார். அவற்றுள் ஒன்றின் பெயரில் குற்றாலம் இருக்கிறது: 'பீட்டர்சுலா கோர்ட்டல்லென்சிஸ்'.

பூச்சி மறைந்தால் என்ன பொருள் என்பதை அமெரிக்காவின் ஈரி ஏரி காட்டியது. கோடையில் அங்கிருந்து எழும் பூச்சிக் கூட்டம் அவ்வளவு பெரியது. 1953-இல் ஏரியின் அடிநீரில் ஆக்ஸிஜன் குறைந்தபோது இளம்பூச்சிகள் மடிந்தன. பின்னர் பல ஆண்டுகள் கூட்டமே இல்லை. கழிவுகள் கட்டுப்படுத்தப்பட்டு, 1990-களில் அவை திரும்பின. இன்று வானிலை ரேடாரிலேயே அந்தக் கூட்டம் மேகம்போல் தெரிகிறது!

சமவெளி ஏரிகளிலும் ஒருநாள் பூச்சிகள் வாழ்கின்றன. மலைப் பூச்சிகளைவிட வெப்பத்தைத் தாங்கும் வகைகள் அவை. அவற்றுக்கு வேறொரு தொல்லை. நீர்ப்பரப்பிலிருந்து வரும் ஒளி கிடைமட்டமாகத் தளவிளைவுற்றிருக்கும். அதைக் கொண்டே பூச்சி நீரை அடையாளம் காண்கிறது. தார்ச்சாலையிலிருந்தும் அதே போன்ற ஒளி வருகிறது. பூச்சிகள் உலர்ந்த தார்ச்சாலையில் முட்டையிடுவது இதனால்தான் என்று ஹங்கேரிய ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். பளபளக்கும் கறுப்பு, சிவப்புக் கார்களின் கூரைகளும் நீர்ப்பூச்சிகளை ஏமாற்றுவதைப் பின்னர் கண்டார்கள். ஒரகடம் சாலையில் புத்தம்புதுக் கார்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் நீரில் இந்தப் பூச்சி இருக்கிறதா? பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, முழங்காலளவுக்கு மிகாத ஓரத்து நீரில் ஒரு பழைய மாவுச் சல்லடையால் நீர்ச்செடிகளின் ஊடே அள்ளி, வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். மெல்லிய மயிர்போன்ற மூன்று வால்கள் இருந்தால் உற்றுப் பாருங்கள். வால்கள் இலைபோல் அகன்றிருந்தால் அது ஊசித்தட்டானின் இளம்பூச்சி. மயிர் போலிருந்து, வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் ஒருநாள் பூச்சிதான். தேதியையும் இடத்தையும் நீரின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, தட்டு வெயிலில் சூடாகும் முன் அதை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அடுத்த மாதமும் அதே இடத்தில் அள்ளிப் பாருங்கள்.