பனிக்கு அடியில் 33 வருஷம்!

உங்கள் வீட்டுப் பீரோவின் அடித் தட்டில் பழைய போட்டோ ஆல்பம் ஒன்று கட்டாயம் இருக்கும். ஊட்டியில் படகு ஏறியபோது எடுத்தது, காசி யாத்திரையின்போது எடுத்தது என்று பக்கம் பக்கமாக ஒட்டி வைத்திருப்பீர்கள். ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? பாட்டி இருப்பாள், சித்தி இருப்பாள், பக்கத்து வீட்டுக் குழந்தைகூட இருக்கும். காமிராவைப் பிடித்துக் கொண்டிருந்த மாமா மட்டும் ஒரு படத்திலும் இருக்க மாட்டார்!

இங்கே நான் சொல்லப் போவதும் ஒரு பிரயாண ஆல்பத்தின் கதைதான். போன இடம் வட துருவத்துக்குப் பக்கம். போனவர்கள் மூன்று பேர். படங்கள் எடுக்கப்பட்டது 1897-ம் வருஷம். அவை கழுவிப் பிரதி எடுக்கப்பட்டதோ 1930-ம் வருஷம். இடையில் இருந்த 33 வருஷமும் அந்தப் பிலிம் சுருள்கள் ஆளில்லாத ஒரு தீவில் பனிக்குள் கிடந்தன. பக்கத்திலேயே அவற்றை எடுத்தவர்களும் கிடந்தார்கள்.

பட்டுத் துணியில் ஓர் ஆகாய ரதம்

ஸ்வீடன் தேசத்தில் கிரென்னா என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1854-ல் பிறந்தவர் சாலமன் ஆகஸ்ட் ஆண்ட்ரே. படித்துப் பட்டம் பெற்ற எஞ்சினீயர். அரசாங்கத்தின் பேடண்ட் ஆபீஸில் நல்ல உத்தியோகம். ஆனால் மனசு என்னவோ பலூனில்தான் பறந்து கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் வட துருவத்தை யாரும் எட்டியிருக்கவில்லை. கப்பலில் போனவர்கள் பனிக்கட்டியில் மாட்டிக் கொண்டார்கள். நாய் வண்டியில் போனவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். ‘கீழே போனால்தானே தொல்லை? மேலே பறந்து போனால் என்ன?’ என்று கேட்டார் ஆண்ட்ரே. 1895-ல் அவர் இந்த யோசனையை வெளியிட்டதும் ஸ்வீடன் முழுவதும் இதே பேச்சாகி விட்டது. மன்னர் இரண்டாம் ஆஸ்கார் பணம் கொடுத்தார். நோபல் பரிசை ஏற்படுத்தினாரே, அதே ஆல்பிரட் நோபலும் பணம் கொடுத்தார்.

பலூன் பாரிஸில் தயாராயிற்று. உயர்ந்த சீனப் பட்டை அடுக்கடுக்காக ஒட்டி, தைத்து, வார்னிஷ் பூசினார்கள். குறுக்களவு 20 மீட்டருக்கு மேல். நம் தெருவில் இறக்கி வைத்தால் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று உருண்டு வந்து நிற்பதுபோல் இருக்கும்!

பலூன் காற்று போகிற திசையில்தானே போகும்? அதற்கும் ஆண்ட்ரே ஒரு யுக்தி வைத்திருந்தார். கனமான மூன்று கயிறுகளைத் தொங்கவிட்டுத் தரையில் இழுபட வைப்பது. அதனால் பலூனின் வேகம் காற்றைவிடக் குறையும். அப்போது பாய் கட்டிக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பலாம் என்பது அவர் கணக்கு.

“வேண்டாம்” என்று சொன்னவர்

1896-ல் முதல் முயற்சி நடந்தது. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் வடமேற்கு மூலையை ஒட்டி டேன்ஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. (இந்த ஸ்பிட்ஸ்பெர்கனில்தான் 2008-ல் நம் இந்தியா ‘ஹிமாத்ரி’ என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது.) அங்கே பலூனுக்கு வாயு நிரப்பிக் கொண்டு தெற்குக் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். காற்று வரவில்லை. கோடை முடிந்ததும் திரும்பி வந்து விட்டார்கள்.

அந்த முதல் கோஷ்டியில் நில்ஸ் எக்ஹோல்ம் என்ற வானிலை நிபுணர் இருந்தார். அவர் சும்மா இருக்கவில்லை. பலூனிலிருந்து தினம் எவ்வளவு வாயு கசிகிறது என்று அளந்து பார்த்துக் கொண்டிருந்தார். பட்டுத் துணியைத் தைத்தவர்களுக்குத் தெரியும், ஊசி போன இடமெல்லாம் ஓர் ஓட்டை. இந்தப் பலூனிலோ லட்சக் கணக்கான ஊசித் துளைகள்! எத்தனை வார்னிஷ் பூசினாலும் வாயு கசிந்தது. 30 நாள் மிதக்கும் என்று ஆண்ட்ரே சொன்ன பலூன் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் தாங்கும் என்று எக்ஹோல்ம் கணக்குப் போட்டார். போதாதற்கு, கசிவு தெரியாமல் இருப்பதற்காக ஆண்ட்ரே ரகசியமாக வாயுவைச் சேர்த்து நிரப்பச் சொன்ன சமாசாரமும் அவர் காதுக்கு எட்டியது. “நான் வரவில்லை” என்று விலகிக் கொண்டார்.

ஊரே கொண்டாடும் காரியத்தில் ஒருவர் மட்டும் ‘வேண்டாம்’ என்று சொல்வது லேசான விஷயமா? சபையில் எழுந்து நின்று அப்படிச் சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும். ஆண்ட்ரேயிடம் மற்ற எல்லாத் தைரியமும் இருந்தது. நாட்டு மக்கள் எதிர்பார்க்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, மன்னர் பணம் கொடுத்திருக்கிறார் என்ற நிலையில், ‘என் பலூன் சரியில்லை’ என்று சொல்லும் தைரியம்தான் இல்லை.

எக்ஹோல்முடைய இடத்துக்கு க்நூட் பிராங்கல் என்ற 27 வயது எஞ்சினீயர் வந்து சேர்ந்தார். தேகப் பயிற்சியில் தேர்ந்தவர். முதல் கோஷ்டியில் இருந்த மூன்றாவது ஆள் விலகவில்லை. அவர்தான் நமது போட்டோக்காரர் நில்ஸ் ஸ்டிரிண்ட்பெர்க். வயது 24. புகழ் பெற்ற நாடகாசிரியர் ஆகஸ்ட் ஸ்டிரிண்ட்பெர்க்குக்கு உறவுக்காரர். 1896-ல் அவருக்கும் அன்னா ஷார்லியர் என்ற பெண்ணுக்கும் நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. துருவத்திலிருந்து திரும்பியதும் கல்யாணம் என்று ஏற்பாடு.

எல்லோரும் அறிந்த அந்தப் படம்

1897, ஜூலை 11-ந் தேதி. கூட இருந்தவர்கள் தொப்பியை வீசி விடை கொடுக்க, பலூன் கிளம்பியது. கிளம்பிய சில நிமிஷங்களிலேயே விபரீதம். திசை திருப்புவதற்காகத் தொங்கவிட்ட கயிறுகள் முறுக்கிக் கொண்டு திருகாணி கழன்று, பாதிக்கு மேல் கரையிலேயே தங்கி விட்டன. கூடை கடல் நீரில் முங்கியது. பயந்து போய் மணல் மூட்டைகளைக் கொட்டினார்கள். கயிறும் போய், மணலும் போய், கனம் குறைந்த பலூன் ஜிவ்வென்று மேலே ஏறியது. உயரம் ஏற ஏற வாயுவும் வேகமாக வெளியேறியது.

அப்புறம் மூடுபனி. பலூனின் மேல் ஈரம் உறைந்து பாரமாயிற்று. கூடை பனித் தரையில் இடித்து இடித்து எழும்பியது. உள்ளே இருந்தவர்களுக்குத் தூக்கம் ஏது? ஜூலை 14-ந் தேதி காலையில், சுமார் 65 மணி நேரப் பயணத்துக்குப் பிறகு, உறைந்த கடலின் நட்ட நடுவில் பலூன் ஒரேயடியாக இறங்கி விட்டது. 30 நாள் எங்கே, 3 நாள் எங்கே!

அப்போது நில்ஸ் செய்த முதல் காரியங்களில் ஒன்று, காமிராவை எடுத்தது. வானத்திலிருந்து பூமியைப் படம் பிடித்து வரைபடம் தயாரிப்பதற்கென்று கொண்டு வந்த காமிரா அது. கனம் 7 கிலோ.

ஆல்பத்தின் முக்கியமான படம் இதுதான். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. நடுவில் அந்தப் பெரிய பலூன், அடிபட்ட யானைபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அருகே ஆண்ட்ரேயும் பிராங்கலும் நம் பக்கம் முதுகைக் காட்டாத குறையாக அதையே பார்த்துக் கொண்டு நிற்கிறார்கள். சின்னச் சின்னக் கறுப்பு உருவங்கள். முகபாவம் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை.

பனியின் மேல் குடித்தனம்

ஒரு வாரம் அங்கேயே தங்கி, என்னென்ன எடுத்துப் போவது என்று யோசித்தார்கள். ஜூலை 22-ந் தேதி நடக்கத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு சறுக்கு வண்டி. ஒவ்வொன்றிலும் சுமார் 200 கிலோ பாரம். படங்களில் பாருங்கள்: மேடும் பள்ளமுமான பனிக்கட்டிக்கு நடுவே கித்தான் படகு, மலை மாதிரி சாமான் ஏற்றிய வண்டி, சுட்டு வீழ்த்திய வெள்ளைக் கரடி.

சமையல் நில்ஸின் இலாகா. கொண்டு வந்த சாமான் தீரத் தீரக் கரடியும் கடல் நாயும்தான் ஆகாரம். விலங்கின் இரத்தத்தில் ஓட்ஸ் கலந்து கொழுப்பில் வார்த்த தோசை போன்ற பண்டம் ஒன்றை அவர்கள் ருசித்துச் சாப்பிட்டதாக ஆண்ட்ரேயின் நாட்குறிப்பு சொல்கிறது. கடற்பாசியில் சூப்பு வைத்துப் பார்த்ததும் உண்டு. படிக்கும்போது நமக்கு முகம் சுளிக்கும். அந்த இடத்தில் அடுப்பு எரிந்ததே ஆச்சரியம் அல்லவா?

செப்டம்பர் 4-ந் தேதி நில்ஸுக்கு 25 வயது பூர்த்தி. அன்று காலை ஆண்ட்ரே அவரைக் கடிதங்கள் கொடுத்து எழுப்பினார்! வட துருவத்தில் ஏது தபால்காரன் என்று கேட்கிறீர்களா? கிளம்புவதற்கு முன்பே அன்னாவும் வீட்டாரும் எழுதிக் கொடுத்த கடிதங்கள் அவை. பிறந்த நாளன்று கொடுக்க வேண்டும் என்று, பலூன் விழுந்தபோதும், வண்டிப் பாரம் குறைக்கச் சாமான்களை விட்டெறிந்தபோதும், அந்தக் கடிதங்களை மட்டும் ஆண்ட்ரே பத்திரமாக வைத்திருந்தார். பிடிவாதக்காரர்தான், ஆனால் கல் நெஞ்சக்காரர் அல்ல.

நகரும் தரை

அவர்களுடைய பெரிய விரோதி குளிர் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை, தரை! காலுக்கடியில் இருந்தது நிலம் அல்ல, மிதக்கும் பனி. கிழக்கே பகல் முழுவதும் வண்டி இழுத்துக் களைத்துக் கணக்குப் பார்த்தால், பனி அவர்களை மேற்கே கொண்டு போயிருக்கும். ஆகஸ்டு மாதம் திசையை மாற்றி வேறு தீவுகளை நோக்கித் திரும்பினார்கள். இப்போது பனி வேறு பக்கம் இழுத்தது.

கடைசியில் ஒரு பெரிய பனித் திட்டின் மேல் குளிர் காலத்தைக் கழிப்பது என்று முடிவு செய்து, பனியாலேயே வீடு கட்டினார்கள். ‘இல்லம்’ என்று பெயரும் வைத்தார்கள். அக்டோபர் 2-ந் தேதி அந்தத் திட்டு வீட்டோடு சேர்த்துப் பிளந்தது. நல்ல வேளையாகப் பக்கத்தில் கரை தெரிந்தது. அக்டோபர் 5-ந் தேதி வெள்ளைத் தீவு என்ற, பனி மூடிய தீவில் கால் வைத்தார்கள். சில நாட்களுக்குள் நாட்குறிப்பு நின்று விடுகிறது.

வெளி உலகத்துக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு புறாத் தபாலும், கடலில் மிதந்து ஒதுங்கிய சில மிதவைகளுமே. அந்தப் புறா கொண்டு வந்த சீட்டில், எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தது.

ஒரு தகர மூடி

வருஷங்கள் ஓடின. 1926-ல் ஆகாயக் கப்பலில் அமுண்ட்ஸென் கோஷ்டியார் துருவத்தின் மேலாகவே பறந்து போய் விட்டார்கள். ஆண்ட்ரேயை உலகம் ஏறக்குறைய மறந்து விட்டது.

1930-ல் வடக்கே கோடை அதிசயமாக வெப்பமாக இருந்தது. பனி விலகியதால், ‘பிராட்வாக்’ என்ற நார்வேக் கப்பல் ஆகஸ்டு 6-ந் தேதி வெள்ளைத் தீவின் கரைக்கே போக முடிந்தது. குடிநீர் தேடிப் போன மாலுமிகளின் கண்ணில் ஓர் அலுமினிய மூடி பட்டது. அருகில் பனியில் புதைந்த படகு. படகில் ஒரு துறட்டுக் கோல். அதில் ‘ஆண்ட்ரேயின் துருவப் பயணம், 1896’ என்று பொறித்திருந்தது!

நில்ஸை மட்டும் பாறை இடுக்கில் கல் அடுக்கி அடக்கம் செய்திருந்தார்கள். ஆகவே அவர்தான் முதலில் போயிருக்க வேண்டும். மற்ற இருவரையும் புதைக்க ஆள் இல்லை. காரணம் என்ன? சரியாக வேகாத கரடி மாமிசத்திலிருந்த கிருமிப் புழுதான் என்று 1952-ல் டென்மார்க் டாக்டர் ஒருவர் எழுதினார். வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த மாதம் போன இன்னொரு கப்பல்தான் பிலிம் சுருள்களைக் கொண்டு வந்தது. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற போட்டோ நிபுணரிடம் அவற்றை ஒப்படைத்தார்கள். பிலிமில் ஒளி பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருவம் அதில் பதிந்து விடுகிறது. மருந்துத் தண்ணீரில் போட்டால்தான் அது வெளியே வரும். வெயிலும் புழுக்கமும் உள்ள நம் ஊராக இருந்தால் 33 வருஷத்தில் ஒன்றும் மிஞ்சியிராது. மூன்று பேரைக் கொன்ற அதே குளிர்தான் அவர்கள் எடுத்த படங்களைக் காப்பாற்றியது. ஆனாலும் ஈரம் ஊறிய பிலிம். கை தவறினால் கரைந்து விடும். ஹெர்ட்ஸ்பெர்க் பொறுமையாக வேலை செய்து, 240 படங்களில் 93 படங்களை மீட்டுக் கொடுத்தார். அவர் இருட்டறையில் நிற்க, அந்தச் சாய்ந்த பலூன் வெள்ளைத் தாளில் மெல்ல மெல்ல எழுந்து வந்ததை நினைத்துப் பாருங்கள்!

அன்னா என்ன ஆனாள்?

இதைத்தானே இவ்வளவு நேரமாகக் கேட்க வேண்டும் என்று இருந்தீர்கள்?

அன்னா காத்திருந்தாள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, நெடுங்காலம் காத்திருந்தாள். செத்தார் என்றும் சொல்ல முடியாமல், இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல் இருப்பது எவ்வளவு கொடுமை! கடைசியில் ஓர் ஆங்கிலேயரை மணந்து கொண்டு தேசத்தை விட்டே போனாள். 1930-ல் அந்தச் செய்தி வந்தபோது அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 1897-ல் அந்த மூவரையும் வடக்கே கொண்டு போய் விட்ட ‘ஸ்வென்ஸ்க்ஸுண்ட்’ என்ற அதே கப்பல், அவர்களைப் பெட்டியில் வைத்து ஸ்டாக்ஹோமுக்குக் கொண்டு வந்து சேர்த்தது. மன்னரே துறைமுகத்துக்கு வந்து மரியாதை செலுத்தினார்.

படங்களோடு நில்ஸின் குறிப்புப் புத்தகமும் கிடைத்திருந்தது. பனியின் மேல் உட்கார்ந்து அன்னாவுக்கு அவர் சுருக்கெழுத்தில் எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. 33 வருஷம் தாமதமாக வந்த தபால்.

அன்னா 1949-ல் காலமானாள். அவள் உடலை இங்கிலாந்தில் அடக்கம் செய்தார்கள். ஆனால் அவள் விருப்பப்படி, இருதயத்தை மட்டும் எடுத்து ஒரு சிறு வெள்ளிப் பேழையில் வைத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினார்கள். அது இன்று நில்ஸின் சாம்பலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதற்குச் சம்மதித்த அந்த ஆங்கிலேயக் கணவரை என்னவென்று சொல்வது? துருவம் தேடிப் போன மூவரின் கதையில், ஒரு படத்திலும் இடம் பெறாத இவரும் ஒரு பெரிய மனிதர்தான்.