வாயுவா, மாரடைப்பா?

நெஞ்சு வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு இருப்பதில்லை. தசைப்பிடிப்பு, நெஞ்செரிச்சல், மனப்பதற்றம் என்று காரணங்கள் பல. ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே மருத்துவர் இவற்றின் பக்கம் வருவார். மாரடைப்பு, மகாதமனிச் சுவர் கிழிதல், நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்தல், நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கி அதை நசுக்குதல் ஆகியவையே முதலில் தேடப்படுபவை.

நோயாளி வந்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுத்து, மருத்துவர் அதைப் பார்த்துவிட வேண்டும். சீட்டுப் பதிவும் முன்பணமும் அதற்குப் பிறகுதான். அந்த இசிஜி சரியாக இருந்துவிட்டால் வீட்டார் கிளம்பத் தயாராகிவிடுகிறார்கள்; ஆபத்து அதில்தான் இருக்கிறது. மாரடைப்பின் தொடக்கத்தில் இசிஜி இயல்பாகவே இருக்கக்கூடும். எனவே வலி நீடித்தால் சிறிது நேரம் விட்டு மறுபடி எடுக்கிறார்கள். இதயத்தின் பின்சுவரில் நேரும் பாதிப்பு வழக்கமான 12 லீடுகளில் நேராகத் தெரியாது. முதுகுப் பக்கமும் லீடு வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ட்ரோபோனின் பரிசோதனை. இதயத் தசை சேதமடையும்போது ரத்தத்தில் கசியும் புரதம் இது. வலி தொடங்கிய உடனே எடுத்தால் ஏறியிருக்காது. சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறை பார்க்க வேண்டும். நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மாரடைப்பு இல்லாமலே இது கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், இரண்டு அளவுகளுக்கும் இடையே ஏற்றம் உண்டா என்பதே கேள்வி.

இசிஜி அலையின் ‘எஸ்டி’ எனப்படும் பகுதி உயர்ந்திருந்தால், இதய ரத்தக்குழாய் அடைபட்டிருப்பதாகக் கருதி, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பதில்லை. ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மருத்துவமனையில் 90 நிமிடங்களுக்குள் அடைப்பைத் திறப்பது இலக்கு. 120 நிமிடங்களுக்குள் அத்தகைய இடத்தை எட்டிச் சிகிச்சை பெற முடியாதென்றால், இருக்கும் இடத்திலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாகத் தரப்படுகின்றன.

கரைக்கும் ஊசி எல்லோருக்கும் ஆகாது. மகாதமனி கிழிந்தவருக்கு அதைப் போட்டால் உயிரே போகலாம். முதுகுக்குப் பாயும் கிழிப்பது போன்ற வலி, இரு கைகளிலும் ரத்த அழுத்தம் வெவ்வேறாக இருப்பது போன்றவை தென்பட்டால் முதலில் சிடி ஸ்கேன்தான். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் அப்படியே: ரத்த அழுத்தம் குறைந்தவருக்கும், ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் எடுத்தவருக்கும் அது ஆபத்து. இரண்டாவதைக் கூச்சத்தால் நோயாளி சொல்லமாட்டார். மருத்துவரே கேட்டாக வேண்டும்.

மிகுதியும் ஏமாற்றுவது ‘வாயு’தான். இதயத்தின் அடிப்பகுதி பாதிக்கப்பட்டால் மேல்வயிற்றில் வலியும் குமட்டலும் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் இருக்கலாம். சோடாவோ அமில மருந்தோ குடித்து வலி குறைந்தது என்பதை வைத்து மாரடைப்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இசிஜியும் ட்ரோபோனினும் மறுமுறையும் இயல்பாக இருந்து, வயது, புகைப்பழக்கம், சர்க்கரை முதலியவற்றைக் கணக்கிட்டு ஆபத்து குறைவு என்று தெரிந்தால்தான் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவார்கள். தேவையான மற்ற பரிசோதனைகளைப் பிறகு வெளிநோயாளியாக வந்து செய்துகொள்ளலாம்.