தசைத்தளர்த்தி (மயக்கவியல்)

தசைத்தளர்த்திகள் என்பவை அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியின் எலும்புத் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் மருந்துகள் ஆகும். மூச்சுக்குழாயினுள் சுவாசக் குழாயைச் செலுத்தவும், வயிறு, மார்பு முதலிய பகுதிகளில் அறுவை செய்யும்போது தசைகள் இறுகாமல் இருக்கவும் இவை பயன்படுகின்றன. இவை மயக்க மருந்துகள் அல்ல; வலிநீக்கிகளும் அல்ல. இவற்றைப் பெற்றவரால் அசையவோ, தாமாக மூச்சுவிடவோ இயலாது. ஆனால் தனியே மயக்க மருந்து தரப்படாவிடின் நினைவும் வலியுணர்வும் இருக்கும். எனவே மயக்க மருந்து, வலிநீக்கி, செயற்கைச் சுவாசம் ஆகியவற்றுடன் சேர்த்தே இவை பயன்படுத்தப்படுகின்றன.

வரலாறு

தென் அமெரிக்கப் பழங்குடியினர் வேட்டை அம்புகளில் தடவிய குராரே என்னும் தாவர நஞ்சிலிருந்தே இம்மருந்துகளின் வரலாறு தொடங்குகிறது. இந்நஞ்சு ஏற்றப்பட்ட தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை சுருங்குவதில்லை என்றும், தசையை நேரடியாகத் தூண்டினால் சுருங்குகிறது என்றும் பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளாட் பெர்னார்ட் 1850களில் காட்டினார்.

1942 சனவரி 23 அன்று கனடாவின் மொன்றியல் நகரில் ஆரல்ட் கிரிஃபித், ஈனிட் ஜான்சன் ஆகியோர் குராரேயை அறுவைச் சிகிச்சையில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினர். அதன் பின்னரே இது பரவலானது. அதற்கு முன்பு தசைகளைத் தளர்த்துவதற்காக ஈதர் போன்ற மருந்துகளை மிகுதியாகக் கொடுத்து, ஆபத்தான ஆழ்ந்த மயக்கத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. அமெரிக்க மருத்துவர் ஸ்காட் சுமித், மயக்க மருந்து ஏதுமின்றிக் குராரே மருந்தைத் தம் உடலில் செலுத்தச் செய்தார். முற்றிலும் செயலிழந்திருந்தபோதும் தம் நினைவு தெளிவாக இருந்ததை அவர் பின்னர் பதிவு செய்தார்.

வகைகள்

நரம்பு முனையிலிருந்து சுரக்கும் அசெட்டைல்கோலின், தசையிலுள்ள ஏற்பிகளில் ஒட்டும்போது தசை சுருங்குகிறது. தசைத்தளர்த்திகள் இந்த ஏற்பிகளில் இரு வழிகளில் செயற்படுகின்றன.

முனைவு நீக்காதவை: வெக்குரோனியம், ரோக்குரோனியம், அட்ராக்கூரியம் முதலியன. பூட்டில் நுழைந்தும் அதைத் திறக்காத சாவியைப் போல, இவை ஏற்பியில் அமர்ந்து அசெட்டைல்கோலினுக்கு இடமில்லாமல் செய்கின்றன. நியோஸ்டிக்மின் கொடுத்து இவற்றின் விளைவை மாற்றலாம். 2008 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் பெற்ற சுகம்மாடெக்ஸ், ரோக்குரோனியம், வெக்குரோனியம் ஆகியவற்றின் மூலக்கூறுகளைத் தன்னுள் அடக்கிச் செயலிழக்கச் செய்கிறது.

முனைவு நீக்குபவை: இவ்வகையில் இன்று வழக்கிலுள்ளது சக்சினைல்கோலின் மட்டுமே. 1951 இல் மருத்துவப் பயன்பாட்டிற்கு வந்த இது, இரண்டு அசெட்டைல்கோலின் மூலக்கூறுகள் இணைந்த அமைப்புடையது. தசைகள் முதலில் துடித்துப் பின்னர் தளர்கின்றன. ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் செயற்படத் தொடங்கி, 5 முதல் 10 நிமிடங்களில் விளைவு நீங்குவதால் அவசரச் சிகிச்சையில் இது பெரிதும் பயன்படுகிறது.

நொதிக் குறைபாடு

சக்சினைல்கோலினின் விளைவு விரைவில் நீங்குவதற்குக் காரணம், கல்லீரலில் உருவாகிக் குருதி நீர்மத்தில் காணப்படும் பியூட்டைரைல்கோலினெஸ்டரேசு என்னும் நொதியாகும். இந்நொதி இல்லாதவர்களுக்குச் சில நிமிடங்களில் நீங்க வேண்டிய விளைவு பல மணி நேரம் நீடிக்கும். தசைகள் தாமாகச் செயற்படும் வரை செயற்கைச் சுவாசமும் மயக்கமும் தொடர்ந்து அளிக்கப்பட்டால் நோயாளி முழுமையாக நலம் பெறுவார். நிலைமை அறியப்படாமல் சுவாசக் குழாய் அகற்றப்பட்டால் உயிருக்கே ஆபத்தாகும்.

இக்குறைபாடு மிக அரிதானது. ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடையே ஏறத்தாழ ஒரு இலட்சத்தில் ஒருவருக்கே நொதி முற்றிலும் இல்லாமல் இருக்கிறது. ஆனால் ஆந்திரப் பிரதேசத்தின் வைசியர் சமூகத்தில் இது மிகுதியாக உள்ளதை 1979 இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் வாழும் இச்சமூகத்தினரை ஆராய்ந்து 2006 இல் வெளியான முடிவுகளின்படி, சுமார் 24 பேரில் ஒருவருக்கு இந்நொதி செயற்படவில்லை. நொதிப் புரதத்தின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதிலாகப் புரோலின் அமைந்திருப்பதே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது.

மாற்றமடைந்த மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவருக்கே நொதி முற்றிலும் இல்லாமல் போகிறது. சமூகத்திற்குள்ளேயே மணம் புரியும் வழக்கம் நிலவும் இடங்களில் இவ்வாறு நேரும் வாய்ப்பு கூடுகிறது. இவர்கள் மற்றவர்களைப் போலவே நலமாக வாழ்வதால், அறுவைச் சிகிச்சை நாள் வரை தம் குறைபாட்டை அறியாமலே இருக்கக்கூடும்.

கல்லீரல் நோய், கருவுற்ற காலம் ஆகியவற்றிலும் நொதியின் அளவு குறையலாம். கரிமப் பாசுபரசுப் பூச்சிக்கொல்லிகளை உட்கொண்டவர்களிடம் இந்நொதி செயலிழந்திருக்கும். அவர்களுக்குச் சுவாசக் குழாய் செலுத்தும்போது சக்சினைல்கோலினைத் தவிர்த்து ரோக்குரோனியம் போன்றவற்றைப் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பு

கடும் தீக்காயமோ பக்கவாதமோ ஏற்பட்டுச் சில நாட்கள் கழிந்தவர்களுக்குச் சக்சினைல்கோலின் கொடுத்தால் குருதியில் பொட்டாசியம் திடீரென உயர்ந்து இதயம் நின்றுவிடலாம். மரபுவழியாக இயல்புடைய சிலருக்கு இம்மருந்தால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் உயரும்; அதற்கு மாற்று மருந்து டான்ட்ரோலீன் ஆகும்.

சிகிச்சை முடிவில் தசைகள் மீண்டனவா என்பதை நரம்புத் தூண்டி கொண்டு அறியலாம். நரம்பை நான்கு முறை தூண்டும்போது, முதல் துடிப்பின் வலிமையில் குறைந்தது 90 விழுக்காடு நான்காம் துடிப்பிலும் இருக்க வேண்டும்.

முந்தைய அறுவையின்போது தமக்கோ இரத்த உறவினருக்கோ மூச்சு திரும்பத் தாமதமாகியிருந்தால், அதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். எளிய குருதிச் சோதனை ஒன்றினால் நொதியின் செயற்பாட்டை அளவிடலாம். குறைபாடு உறுதியானால் சக்சினைல்கோலின், இதே நொதியால் சிதைக்கப்படும் மிவாக்கூரியம் ஆகிய இரண்டும் தவிர்க்கப்படுகின்றன. உடன்பிறந்தோருக்கும் அதே குறைபாடு இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ளதால், அவர்களும் சோதித்துக்கொள்வது நன்று.