ஒரு கோல் மன்னன் போதுமா?

குட்டி நண்பர்களே, இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். திருவெண்ணெய்நல்லூரில் மாலை நேரம். நாளைக்குக் கால்பந்துப் போட்டி. உங்கள் அணியில் கோல் போடும் ஒரே பையனுக்குத் திடீரென்று காய்ச்சல்! அவனுக்குப் பதில் யார்? எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறீர்கள்.

பெரிய அணிகளுக்கும் இந்தச் சிக்கல் வருவதுண்டு. நம்ம சென்னையின் எஃப்.சி. அணியின் கதையைக் கேளுங்கள்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது பிறந்த அணி இது. மறு ஆண்டே கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா 13 கோல் அடித்து, அதிக கோல்களுக்கான தங்கக் காலணியை வென்றார். கோவாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் கடைசி நேரத்தில் அவர் போட்ட கோல்தான் 3-2 என்று கோப்பையைக் கொண்டுவந்தது.

அப்படியென்றால் நல்ல ஸ்டிரைக்கர் ஒருவர் இருந்தால் போதுமா? அவசரப்படாதீர்கள்!

2018 மார்ச் 17. பெங்களூருவில் இறுதிப் போட்டி. உள்ளூர் அணியின் சுனில் சேத்ரி முதல் கோலைப் போட்டுவிட்டார். சென்னைக்காகத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டவர் யார் தெரியுமா? தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வ்ஸ்! மூன்றாவது கோல் நடுக்கள வீரர் ரஃபேல் அகஸ்டோவுடையது. மீண்டும் 3-2, மீண்டும் கோப்பை.

அந்தப் பருவத்தில் சென்னைக்கு 9 கோல் அடித்தவர் மிசோரம் வீரர் ஜெஜெ. அடுத்த பருவத்தில் அவர் காலுக்குக் கோல் எளிதில் கிடைக்கவில்லை. அவர் சுமையைத் தாங்க ஆளும் இல்லை. பாதியில் சி.கே. வினீத்தைக் கடனாக வாங்கிப் பார்த்தார்கள். பலன் இல்லை. 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள். சாம்பியன் அணிக்குக் கடைசி இடம்!

2019-20 பருவத்தில் லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் வந்தார். 15 கோல், தங்கக் காலணி. கூடவே கிரிவெல்லாரோவும் சாங்தேவும் ஆளுக்கு 7 கோல் போட்டார்கள். அணி இறுதிப் போட்டி வரை போனது. ஆனால் அதன்பின் வால்ஸ்கிஸ் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். புதிய பருவத்தின் நடுவில் கிரிவெல்லாரோவுக்கும் காயம். அந்த முறை 20 ஆட்டங்களில் 17 கோல்கள்தான். 11 ஆட்டங்கள் டிரா! தடுப்பாட்டம் நன்றாக இருந்தும் கோல் போட ஆளில்லாமல் எட்டாவது இடம்.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? "பெரிய ஸ்டிரைக்கராகப் பார்த்து வாங்குங்கள்" என்பது ஒரு கட்சி. "ஒருவருக்கே பணத்தைக் கொட்டினால், அவருக்கு அடிபட்டதும் என்ன செய்வீர்கள்? பெஞ்சில் நல்ல மாற்று வீரர்கள் வேண்டும்" என்பது எதிர்க்கட்சி. மூன்றாவது கட்சியின் கேள்விதான் நம்மைப் போன்றவர்களுக்கானது: "ஸ்டிரைக்கர் இடத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்தால், நம் பிள்ளைகள் கோல் போடப் பழகுவது எப்போது?" 2021-22 பருவத்தில், களத்தில் ஒரே நேரத்தில் ஆடும் வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை ஐந்திலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டது. இந்திய வீரர்களுக்கு ஒரு கதவு கொஞ்சம் திறந்தது.

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் யார் நினைவுக்கு வருவார்? சடையப்ப வள்ளல்! புகழ் கம்பருக்கு, பின்னால் நின்று தாங்கியவர் சடையப்பர். கோல் போடுபவர் பெயர் பலகையில் வரும். பந்தைக் கொடுத்தவரும், பெஞ்சில் காத்திருந்தவரும் இல்லாமல் அந்தக் கோல் இல்லை.

அதனால், அடுத்த முறை அணி பிரிக்கும்போது ஓரத்தில் நிற்கும் பையனையும் பெண்ணையும் கூப்பிடுங்கள். பத்து நிமிடமாவது முன்னால் ஆட விடுங்கள். காய்ச்சல் சொல்லிக்கொண்டா வரும்?