வீணைக் குடமும் பேஸ் கித்தாரும்: மரம் ஏன் வெடிக்கிறது?

மரத்தாலான இசைக்கருவிகளில் காணும் வெடிப்புக்குப் பெரும்பாலும் அடிபட்டதோ பழமையோ காரணமாகச் சொல்லப்பட்டாலும், அவற்றுள் மிகப் பலவற்றின் மூலம் மரத்தினுள் இருக்கும் நீரே ஆகும். உயிரணுக்களின் உட்குழிவில் தங்கும் கட்டற்ற நீர் வெளியேறும்போது மரத்தின் எடை மட்டுமே குறைகிறது. உலர்மர எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கும் கீழே ஈரம் இறங்கி, உயிரணுச் சுவரோடு பிணைந்திருக்கும் கட்டுநீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்குகிறது.

அந்தச் சுருக்கம் திசைக்குத் திசை மாறுபடுகிறது. பச்சை மரம் முற்றும் உலரும்போது நீளவாக்கில் 0.1 அல்லது 0.2 விழுக்காடே குறைய, நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்திசையில் சுமார் 4 விழுக்காடும், வளையங்களை ஒட்டிய சுற்றுத்திசையில் சுமார் 8 விழுக்காடும் சுருங்குவது பல மரங்களுக்குப் பொதுவான அளவாகும். ஆரம் சுருங்குவதைப் போல இரு மடங்கு சுற்றளவு சுருங்க முற்படுவதால், முழு உருட்டுக்கட்டை பெரும்பாலும் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு பட்டையிலிருந்து நடுவை நோக்கிப் பிளக்கிறது.

தஞ்சாவூர் வீணையை ஆக்கும் கலைஞர்கள் இந்தச் சிக்கலோடுதான் தலைமுறை தலைமுறையாகப் போராடி வருகின்றனர். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வீணை பலாமரத்தில் செய்யப்படுகிறது. குடம், தண்டி முதலியவற்றைத் தனித்தனியே செதுக்கி இணைத்தால் அது ஒட்டு வீணை. ஒரே கட்டையில் குடைந்து எடுத்தால் அது ஏகாந்த வீணை. பின்னதற்கு மதிப்பு மிகுதியாயினும், ஒரே கட்டையின் பல திசைச் சுருக்கங்களும் ஒரே உடலில் சேர்ந்து நிற்பதால், மரத்தேர்விலும் உலர்த்தலிலும் நேரும் சிறு பிழையைக்கூட அது பொறுப்பதில்லை.

பேஸ் கித்தாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கித்தார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் முதலாக, மின் பேஸ் கித்தாரின் உடல் பெரும்பாலும் குடையப்படாத திண்மரமாக இருந்து வருகிறது. ஆஷ், ஆல்டர் முதலிய மரங்களின் பலகைகளை ஒட்டி ஆக்கப்படும் அந்த உடலை, நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு ஈடான விசையோடு ஓயாமல் இழுக்கின்றன. கழுத்தை உடலோடு திருகாணியால் பிணைக்கும் பள்ளத்தின் மூலையிலும், திருகாணித் துளைகளைச் சுற்றியும் வெடிப்பு முதலில் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிப் பருவநிலையைப் பார்ப்போம். உத்திரமேரூர், ராஜகுளம் முதலிய காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டை ஒட்டி நின்றால், மரத்தின் ஈரம் சுமார் 17 விழுக்காடாக நிலைபெறும். அதே கருவியை ஈரப்பதம் 50 விழுக்காடாக உள்ள குளிரூட்டிய அறையில் பல வாரம் வைத்தால், அது 9 விழுக்காட்டிற்கு இறங்கும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள உடல் சுற்றுத்திசையில் அறுத்த மரமாயின், இந்த வேறுபாடு ஒன்றே அதை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் குறுக்கிவிடும். ஒருபுறம் தடித்த பாலிஷும் மறுபுறம் வெறும் மரமுமாக இருந்தால் இரு பக்கமும் ஒரே வேகத்தில் உலர்வதில்லை. ஆகவே உட்குழிகளையும் திருகாணித் துளைகளையும் மெல்லிய பூச்சால் அடைப்பது வெளிமேனியின் பளபளப்பைவிட முக்கியமானது.

வெடிப்பு கண்டவுடன் பசையைத் தேடுவது தவறு. கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றி, பள்ளத்தின் உட்சுவரிலும் கோடு தொடர்கிறதா என்று விளக்கொளியில் பார்க்க வேண்டும். உள்ளே மரம் முழுமையாக இருந்தால் பிளந்தது பெரும்பாலும் பாலிஷ் மட்டுமே. மரமே பிளந்திருப்பின், கருவியைச் சில வாரம் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தபின், விரலால் அழுத்தும்போது வாய் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூடினால், மெல்லிய தகட்டால் பசையை அடிவரை செலுத்தி, இடுக்கியால் இறுக்கி ஒரு நாள் விடலாம். மூடாவிடில் வலிந்து இறுக்குவது புதிய வெடிப்புக்கே வழிசெய்யும். அதே மரத்தின் மெல்லிய சிம்பை, நார் ஓட்டம் பொருந்துமாறு இழைத்து இடைவெளியில் பதிப்பதே முறை. மரத்தூளைப் பசையில் குழைத்து அப்புவது கண்ணுக்கு வெடிப்பை மறைக்குமே தவிர, இழுவிசையைத் தாங்காது.

தச்சர்கள் வச்சிரம் என்று வழங்கும் விலங்குப் பசைக்கு இன்றும் ஒரு சிறப்புண்டு. வெப்பமும் ஈரமும் காட்டினால் அது இளகிவிடுவதால், பின்னாளில் வேறொருவர் அந்த ஒட்டைச் சேதமின்றிப் பிரித்துத் திருத்த முடியும். எபாக்சி பசையால் ஒட்டியதை அவ்வாறு எளிதில் பிரிக்க இயலாது. வீணையோ கித்தாரோ வைத்திருப்போர் நூறு ரூபாய்ப் பசைக்குழாயை நாடுமுன், கம்பிகளைத் தளர்த்திவிட்டு, மரமறிந்த ஒரு கைவினைஞரிடம் கருவியைக் காட்டுவது நல்லது.